மூன்று கட்டைச் சுருதி

டிசம்பர் 16, 2006. மார்கழி 1

பனி. நாலரைக்கே எழுந்தாயிற்று. கேஸ் தீர்ந்துவிட்டதால் பச்சைத் தண்ணீரில் குளியல். (இன்று சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும். மறக்கக் கூடாது.)

ஐந்து மணிக்குப் பெருமாள் கோவில் வாசலில் கோஷ்டி கூடியது. இந்த வருடமும் கலியமூர்த்தி அண்ணன்தான் அடி எடுத்துக் கொடுக்கிறார். திருப்பிப் பாட நாங்கள் பத்துப் பேர். நாலு தெரு சுற்றி வர ஒரு மணி நேரம். நடந்துகொண்டே பின்னால் எத்தனை குரல் வருகிறது என்று எண்ணுவது என் வழக்கம். எவன் வாயை மட்டும் அசைக்கிறான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். இன்று என்னையும் சேர்த்து எட்டுதான். மளிகைக்கடைக்காரரும் அவர் மச்சானும் சும்மா அசைத்தார்கள்.

அண்ணனுக்கு இருமல். அவர் தையல் கடையில் பஞ்சும் தூசும். மேலத் தெருவில் இரண்டு தடவை நின்றுவிட்டார். "இந்த வருசத்தோட சரிய்யா, மூச்சு வாங்குது" என்றார். அவர் கையில் இருந்த சிப்ளாக்கட்டையைப் பார்த்தேன். சலங்கை வைத்த அந்த இரண்டு மரத்துண்டும் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் முன்னால் நடப்பார். பதினாலு வருடமாக அதற்கு நேர் பின்னால் நடக்கிறேன்.

வாங்க: சுருதிப் பெட்டிக்கு பாட்டரி 4, கற்பூரம், பனிக்குல்லாய்.

டிசம்பர் 19

பனி அதிகம். ஆபீசுக்குப் பத்து நிமிடம் தாமதம். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் யாருமே வரவில்லை.

கோஷ்டியில் புது ஆள். பெயர் முருகையன், முப்பத்து நாலு வயது இருக்கும். திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரை ஆள். அரசலாற்று முகத்துவாரத்தில் படகுகள் வந்து சேரும்போது மீன் ஏலம் கூறுகிறவன். அண்ணன் கடைக்குச் சட்டை தைக்க வந்தவன், அளவெடுக்கும்போது ஏதோ முணுமுணுத்தானாம். அண்ணன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாராம். "என்னா தொண்டைங்கிற!" நாலு பேரிடம் இதையே சொல்லிவிட்டார்.

மீன் வாடை இருக்குமோ என்று பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். சந்தன சோப்பு. அதுவும் எரிச்சலாக இருந்தது.

"சார்தான் சுருதி வைக்கிறவங்களா? எனக்கு ஒன்னும் தெரியாதுங்க சார், நீங்க பாத்து சொல்லிக் குடுங்க." மரியாதை எல்லாம் பலமாகத்தான் இருக்கிறது. ஆறேகாலுக்கு டி.வி.எஸ். ஐம்பதில் ஏலத்துக்கு ஓடிவிட்டான். ஓடும்போது பாடிக்கொண்டே போனான்.

டிசம்பர் 22

மு. மூன்றாம் வரிசையில்தான் நடக்கிறான். ஆனால் குரல் முதல் வரிசையில் கேட்கிறது. (இனி மு. முழுப் பெயரையும் எழுதக் கை வரவில்லை.)

டிசம்பர் 26

மு. வரவில்லை. காலை முழுக்க மனசு லேசு. நன்றாகப் பாடினேன். வடக்குத் தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த டீச்சரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சாந்தியிடம் சொன்னேன், "புது ஆள் ஒரே வாரத்தில் டிமிக்கி." அவள் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னிக்கி என்னா தேதி? சுனாமி அலை வந்த நாளுங்க. கரையில எல்லாரும் பால் ஊத்தப் போயிருப்பாங்க. அவரோட அம்மா போனது அன்னிக்கித்தானாம்."

எனக்குத் தெரியாதது இவளுக்கு எப்படித் தெரியும்? அண்ணன் மனைவி சொன்னாளாம். வெட்கமாக இருந்தது. ஆனால் அதற்குள் இவளும் அவனை "அவரு" என்கிறாளே என்றும் இருந்தது.

டிசம்பர் 30. ஏகாதசி

எழுத வேண்டாம் என்று இருந்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது.

தேரடித் திருப்பம். கூட்டம். அண்ணன் இரண்டாவது பாட்டின் நடு அடியில் இருமினார். நிற்கவில்லை. தொடர்ந்து இருமல். எங்கள் கோஷ்டியில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் பாட்டு விழக் கூடாது. எடுத்துக் கொடுக்கிறவர் நின்றால் பின்னால் யார் அடியைத் தூக்குகிறாரோ அவர் கைக்குச் சிப்ளா போகும். கேள்வி கிடையாது.

அண்ணன் திரும்பாமலே சிப்ளாவைப் பின்பக்கம் நீட்டினார். நேர் பின்னால் நான். கையை நீட்டிவிட்டேன். கைக்கு வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று இருந்தேன். ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் என் தோளுக்கு மேலாக அந்தக் குரல். அடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அண்ணன் கை என் கையைத் தாண்டி அவனிடம் போயிற்று. சலங்கை என் விரலில் உரசியது.

நீட்டிய கையை என்ன செய்வது? தலையைச் சொறிந்துகொண்டேன்.

பதினாலு வருடம். இலவு காத்த கிளி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. அப்போது கிளியைப் பார்த்துச் சிரித்தேன்.

ஜனவரி 15, 2007. பொங்கல்

மார்கழி முடிந்தது. நேற்றைய நிறைவு பூஜையில் சிப்ளாவைப் பெருமாள் காலடியில் வைத்து எடுத்து அண்ணனே மு. கையில் கொடுத்தார். இனி அண்ணன் விளக்கு மட்டும் பிடிப்பார், பாட மாட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், எல்லாரையும் விட நீளமாக.

வீட்டில் பொங்கல். சாந்தி: "உப்பு கம்மின்னா சொல்ல வேண்டியதுதானே, அதுக்கு ஏன் மூஞ்சிய அப்புடி வச்சிருக்கீங்க?" உப்பு சரியாகத்தான் இருந்தது.

கரும்பு கடித்ததில் கடைவாய்ப் பல் வலி.

பிப்ரவரி 10

சனிக்கிழமைப் பயிற்சி. மு.வுக்குக் கட்டைக் கணக்கே தெரியவில்லை. சுருதிப் பெட்டியின் திருகில் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று போட்டிருக்கிறது, எண் ஏற ஏறக் குரல் மேலே போக வேண்டும் என்று சொன்னேன். "மீனுக்கு ஐஸ் கட்டை தெரியும் சார், இது தெரியாது" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சொன்னால் யாரும் சிரிப்பதில்லை.

கோஷ்டிக்கு என்றும் ஒன்றரைதான். உண்மையில் என் தொண்டைக்கு ஒன்றுதான் சுகம். ஒன்றரையில் மேலே போகும்போது கழுத்து நரம்பு புடைக்கும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி 18

ஞாயிறு. நெத்திலி வாங்கப் போகிறேன் என்று சாந்தியிடம் சொல்லிவிட்டு முகத்துவாரத்துக்குப் போனேன். போனது அதற்கு இல்லை.

பத்துப் படகு இஞ்சின் ஒரே நேரத்தில் ஓடுகிறது. காற்று வேறு. பெண்கள் கூடையோடு சத்தம். இதற்கெல்லாம் மேலே ஒரே ஒரு குரல். பலகை மேல் ஏறி நின்றுகொண்டு, நிறுத்தாமல், மூச்சு எங்கே எடுக்கிறான் என்றே தெரியாமல். அந்தக் குரலுக்கு நாலு தெரு என்ன, நாகூர் வரைக்கும் கேட்கும்.

என்னைப் பார்த்துவிட்டான். "சார்! நம்ம சாருக்கு நல்ல மீனா போடுங்க!" பை நிறைய வஞ்சிரம், வேண்டாம் என்றாலும் விடவில்லை. சாந்தி குழம்பு வைத்தாள். மூன்று தடவை போட்டுக்கொண்டேன். ருசியாக இருந்தது என்று சொல்ல மனம் இல்லை.

மார்ச் 24

செவ்வாய்க்கிழமை ராமநவமி. குரும்பகரத்தில் பஜனைக் கூட்டம், ஐந்து ஊர்க் கோஷ்டிகள். வழக்கமாக நாங்கள் போவதில்லை. இந்த வருடம் அழைத்திருக்கிறார்கள். "முருகையன் இருக்காருல்ல, அதான்" என்று அழைத்தவர் என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனார்.

வேட்டி சலவைக்குப் போட வேண்டும். பல் வலி குறையவில்லை.

மார்ச் 27

இதை யாரும் படிக்கப் போவதில்லை. பீரோவில் இன்சூரன்ஸ் பத்திரங்களுக்கு அடியில் இருக்கிற நோட்டு. ஆகவே எழுதுகிறேன்.

நாலாவதாக எங்கள் முறை. வெயில் தாழ்ந்த நேரம். பந்தலில் முந்நூறு நானூறு பேர், நீர்மோர், பானகம். மேடையில் சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். திருகு ஒன்றரையில் இருந்தது. மேல்துண்டால் மூடிக்கொண்டு திருகினேன். இரண்டு. அதோடு விட்டிருக்கலாம். இரண்டரை. அதோடாவது. மூன்றில் வைத்தேன்.

இத்தனை பேர் முன்னால் மேல் அடியில் அவன் குரல் கிழிய வேண்டும். நான் நினைத்தது அதுதான்.

மு. கண்ணை மூடிச் சுருதியைக் கேட்டான். தொடங்கினான். ஏறினான். எந்தச் சிரமமும் இல்லை. கடற்கரைக் காற்றில் கத்தினவனுக்கு இது ஒன்றும் இல்லை போலிருக்கிறது. பின்னால்தான் விழுந்தது எல்லாம். முதலில் மளிகைக்கடைக்காரர் நின்றார். பிறகு அவர் மச்சான். ஒவ்வொன்றாக எண்ணினேன். ஏழு, ஐந்து, இரண்டு. கடைசியாக நான். நானாவது பிடிக்க வேண்டும் என்று எக்கினேன். கோழிக்குஞ்சை மிதித்தாற்போல ஒரு சத்தம் வந்தது. மைக் பக்கத்தில் இருந்தது.

அதன் பிறகு அவன் மட்டும். தனியாக. பந்தலில் பானகம் ஊற்றுகிறவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் ஒரு கிழவர் மேடை ஏறி வந்து தன் தோள் துண்டை அவனுக்குப் போட்டார்.

வேனில் அண்ணன் கேட்டார்: "என்னாய்யா, சுருதி அவ்வளவு மேல போயிட்டு?"

"அவரு தொண்டைக்கு மூணுதாண்ணே சரி. ஒன்றரையில வச்சு அமுக்கி வச்சிருந்தோம்" என்றேன். எங்கிருந்து வந்தது இந்த வாய்?

மு. என் கையைப் பிடித்துக்கொண்டான். விடவே இல்லை. "எனக்கே தெரியாதது சாருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க." அண்ணன் கண்ணில் தண்ணீர். வேன் முழுக்க என்னைப் பெரிய மனுஷனாகப் பார்த்தது.

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆகிவிட்டது.

மார்ச் 30

ஆபீஸ் பியூன் செல்போனில் புது ரிங்டோன். குரும்பகரத்தில் யாரோ பதிவு செய்த மு. பாட்டு. அது முடிகிற இடத்தில் ஒரு கீச்சு. "அது என்னா சார், மைக் கோளாறா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

இன்று மட்டும் பியூனுக்கு ஒன்பது போன்.

மே 6

அனல். மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில். மு.வுக்கு ஏலம் இல்லாததால் தினமும் எங்காவது கச்சேரி. வரிச்சிக்குடி, நிரவி, நெடுங்காடு, இப்படி எட்டு ஊர். எங்கே போனாலும் "அந்த மூணு கட்டையில பாடுங்க" என்கிறார்கள். அவனும் என்னைத் திரும்பிப் பார்த்து, "சார், மூணு வைங்க." நான் வைக்கிறேன். நாங்கள் பத்துப் பேரும் கீழ்க்குரலில் ம்ம் என்று இழுக்கிறோம். கோஷ்டி போய் அவன் கச்சேரி ஆகிவிட்டது. தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள்.

சாந்தி பாத்திரம் துலக்கும்போது அவன் பாட்டை முணுமுணுக்கிறாள். சுருதி சேரவில்லை என்று சொன்னேன். "உங்களப் பாடச் சொன்னாங்களா என்ன?" என்றாள்.

ஜூன் 30. மாங்கனித் திருவிழா

ஊர் முழுக்கக் கூட்டம், மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கிறார்கள். எனக்கு ஒன்று முதுகில் விழுந்தது. கையில் ஒன்றும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் பந்தலில் மு. பாடினான். மேல் அடியில் ஒரு பிசிறு. நூலில் முடிச்சு விழுந்த மாதிரி, ஒரே ஒரு இடத்தில். வேறு யாருக்கும் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 11

ஒன்றும் இல்லை. குடை தொலைந்தது.

ஆகஸ்ட் 19

மறுபடி பிசிறு. இப்போது கீழ் அடியிலும். விடியற்காலை ஏலம், சாயங்காலம் மூன்று கட்டை. மிளகு, பனங்கற்கண்டு என்று எதையோ எப்போதும் மென்றுகொண்டே இருக்கிறான். "குறைச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கலாம். திருகு என் கையில்தான் இருக்கிறது. கேட்கவில்லை. "மூணுதானே?" என்றேன். "ஆமா சார், அதான நம்ம கட்டை" என்றான்.

நம்ம.

செப்டம்பர் 22. புரட்டாசி முதல் சனி

காலையில் தூறல். தளிகை, துளசி மாலை, கூட்டம். வீதி உலாவுக்குக் கோஷ்டியின் ஒன்றரைதான். அதே தேரடித் திருப்பம். மு. மேல் அடி எடுத்தான். குரல் இல்லை. வாய் திறந்திருக்கிறது, நரம்பு புடைத்திருக்கிறது, காற்று மட்டும் வருகிறது.

இந்த முறை நான் கையை நீட்டவில்லை. வாயைத் திறந்தேன். அடியைத் தூக்கினேன்.

மு. திரும்பாமலே சிப்ளாவைப் பின்பக்கம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன். மரத்தில் அவன் உள்ளங்கைச் சூடு இருந்தது. மிச்சம் இரண்டு தெருவும் நான்தான். நன்றாகத்தான் பாடினேன் என்று நினைக்கிறேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் விளக்கைப் பிடித்துக்கொண்டு அவனையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

சிப்ளாவை வீட்டுக்குக் கொண்டுவந்து பூஜை அலமாரியில் வைத்தேன். மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்த்தேன்.

அக்டோபர் 14

அண்ணன் சொன்ன சேதி. மு.வைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்த் தொண்டையில் கண்ணாடி விட்டுப் பார்த்திருக்கிறார்கள். குரல்நாணில் காய்ப்பு. அளவுக்கு மீறிக் கத்தினதால் வந்தது. ஆறு மாதம் வாயே திறக்கக் கூடாது. அதன் பிறகு திரும்பி வரலாம், வராமலும் போகலாம்.

ஏலப் பலகையில் இப்போது அவன் சித்தப்பா மகன் நிற்கிறானாம். மு. கீழே உட்கார்ந்து நோட்டு எழுதுகிறானாம். கடலுக்குப் போகிறவர்கள் இவன் குரல் கேட்டுத்தான் கரையில் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவு செய்வார்களாம். இது எனக்குத் தெரியாது.

கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள். நினைத்தவன் நான். கெட்டது அவன் தொண்டை.

சோறு இறங்கவில்லை. சாந்தி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

நவம்பர் 11

நாலு நாளாக அடைமழை, இன்றுதான் விட்டது. பஸ் ஏறித் திருமலைராயன்பட்டினம் போனேன், மு. வீட்டுக்கு. ஹார்லிக்ஸ், ஆப்பிள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் மாதிரி.

சின்ன ஓட்டு வீடு, வாசலில் வலை காய்கிறது. அவன் மனைவி நாற்காலி போட்டாள். "பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார். ஆனா நீங்க வந்தா ஒன்னு கேக்கணும்னு எழுதிக் காட்டிக்கிட்டே இருந்தாரு" என்று சொல்லிவிட்டு டீ போடப் போனாள்.

அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எழுதவில்லை. காதுக்குள் காற்றாகப் பேசினான். அந்தத் தொண்டையிலிருந்து இந்தச் சத்தம் வரும் என்று யார் நினைத்தது?

"அன்னிக்கி குரும்பகரத்துல மூணு வச்சீங்களே சார். எனக்கு வரும்னு வச்சீங்களா, வராதுன்னு வச்சீங்களா?"

தட்டில் இருந்த ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுன்னாலும் பரவால்ல சார். தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

"வரும்னுதான், முருகையன்" என்றேன்.

தலையை ஆட்டினான். நம்பினானா என்று தெரியவில்லை. டீ வந்தது. சர்க்கரை அதிகம். முழுவதும் குடித்தேன்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். வராது என்றுதான்.

டிசம்பர் 9

அண்ணன் கடையில் கூட்டம். இந்த மார்கழிக்கு யார்? யாரும் யோசிக்கவே இல்லை. "அவருதான், வேற யாரு இருக்கா?" என்றார் மளிகைக்கடைக்காரர். வேறு யாரும் இல்லாததால் நான். இப்படித்தான் வர வேண்டும் என்று இருந்திருக்கிறது.

சுருதிப் பெட்டியை யார் தூக்குவது என்ற பேச்சு வந்தது. முருகையன் மூலையிலிருந்து கை தூக்கினான். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் காட்டுவது?

மார்கழி 1

பனி. வெந்நீர் இருந்தது. ஐந்துக்குக் கோவில் வாசல். அண்ணன் விளக்கோடு முன்னால். அவர் பின்னால் நான், கையில் சிப்ளா. எனக்குப் பின்னால் பத்துப் பேர். நேர் பின்னால், பதினாலு வருடமாக நான் நடந்த இடத்தில், முருகையன். கழுத்தில் மப்ளர், தோளில் சுருதிப் பெட்டி.

எத்தனை கட்டை என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. திருகு திரும்புகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. மூன்றில் வைப்பான் என்று நினைத்தேன். வைக்கட்டும், இந்தத் தெரு முழுக்கக் கேட்கட்டும் அந்தக் கீச்சு என்றும் நினைத்தேன்.

சுருதி வந்தது. ஒன்று.

ஒன்றரை இல்லை. ஒன்று. நான் யாரிடமும் சொல்லாத கட்டை. இந்த ஒரு வருடத்தில் என் கழுத்து நரம்பைப் பார்த்திருக்கிறான். இந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். எனக்கு இது தோன்றியிருக்காது.

முதல் அடி எடுத்தேன். சிரமமே இல்லாமல் போயிற்று, என் ஆயுளில் அவ்வளவு நன்றாக நான் பாடியதில்லை. வடக்குத் தெரு டீச்சரம்மா கோலப்பொடியோடு நிமிர்ந்தார். என்னைத் தாண்டிப் பின்னால் தேடினார்.

அடி முடிந்தது. பின்னாலிருந்து திரும்பி வந்தது, மளிகைக்கடைக்காரரும் அவர் மச்சானும்கூடப் பாடினார்கள். எண்ணினேன்.

ஒன்பது.